ஜீப் சத்தமும் அப்பாவின் காது மெஷினும்

அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கி ஒன்றரை வருஷம் ஆச்சு. அதில் ஒரு வருஷம் அது அவருடைய வெத்தலைப் பெட்டிக்குள்ளேதான் கிடந்தது. சுண்ணாம்பு டப்பாவுக்கும் பாக்குப் பொட்டலத்துக்கும் நடுவில், முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.

"ஏம்ப்பா போட மாட்டேங்கறீங்க?"ன்னு கேட்டா, "வண்டியில ஏறுனா தலைக்குள்ள ரைஸ்மில்லு ஓடுது சாமி"ம்பார். வீட்டில் போட்டுக்கொள்வார். ஜீப்பில் ஏறும்போது கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிடுவார். இறங்கியதும் திரும்ப மாட்ட மறந்துவிடும். அப்படியே அன்றைக்குப் பொழுது போய்விடும்.

இதைப் படிக்கிற பட்டணத்துக்காரங்களுக்கு ஒன்று சொல்லணும். எங்க அப்பாவும் நானும் ஒரே வீட்டில் இருந்தாலும் சேர்ந்தாற்போல உட்கார்வது ஜீப்பில்தான். விடிஞ்சா அவர் மாட்டுக்கொட்டகை, நான் தண்ணி பாய்ச்சற பக்கம். ராத்திரி அவர் எட்டு மணிக்குப் படுத்துவிடுவார். கீரனூரிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வெங்காயமோ தக்காளியோ முருங்கையோ ஏற்றிக்கொண்டு போகிற நாளில் மட்டும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் பக்கத்துப் பக்கத்துச் சீட்டு. அந்த ரெண்டு மணி நேரமும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. சண்டை இல்லைங்க. கேட்காது, அவ்வளவுதான்.

ஜீப் 1996 மாடல் மகிந்திரா. போடிப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போய்க்கொண்டிருந்த வண்டி. அப்பா 2003-ல் வாங்கினார். ஏன் ஜீப்புன்னு கேட்டால் அதுக்கு ஒரு கதை உண்டு. அவர் சின்ன வயசாக இருந்தபோது, அப்பாரு வாங்கின மோட்டார் கடனுக்கு வசூலுக்கு ஆள் வந்தது ஒரு ஜீப்பில்தான். ஆத்தோர வளைவில் அந்தச் சத்தம் கேட்டாலே ஊரில் பாதிப் பேர் சோளக்காட்டுக்குள் போய்விடுவார்களாம். அப்பாரு போகவில்லை. வாசலிலேயே நின்றாராம். கிணற்று மோட்டாரைக் கழற்றி அந்த ஜீப்பில் ஏற்றியதை அப்பா பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். "ஒரு நாளைக்கு அந்தச் சத்தம் நம்ம வாசல்ல நம்மளுதா இருக்கோணும்னு நெனச்சேன்" என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். அதனால் வண்டியின் சத்தத்தைக் குறைக்கப் போகிறேன் என்றதும் அவருக்குப் பிடிக்கவில்லை. "சத்தமில்லாத ஜீப்புக்கு மாடுகூட ஒதுங்காது"ன்னுட்டார்.

என்னைக் கிளப்பிவிட்டது அப்பா காது இல்லை, என் காதுதான். அவருடைய மெஷினைச் சரிபார்க்கப் போனபோது, சும்மா இருக்கிறேனே என்று டாக்டர் எனக்கும் சோதனை செய்தார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, "பீப்" கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியே வந்ததும் ஒரு கோட்டுப்படம் காட்டினார்கள். கோடு ஒழுங்காக வந்து, 4000 ஹெர்ட்ஸ் வந்த இடத்தில் பள்ளத்தில் விழுந்து, அப்புறம் கொஞ்சம் ஏறுகிறது. "டிராக்டர் ஓட்டுவீங்களா? வேற என்ன வண்டி?" என்று படத்தைப் பார்த்தே கேட்டார். சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் அந்த இடத்தில்தான் பள்ளம் விழுமாம். போன காது திரும்ப வராது, உள்காதில் இருக்கிற மயிரிழை மாதிரியான செல்கள் செத்தால் செத்ததுதான். அந்த உயர்ந்த சுரங்களில்தான் பேச்சில் வருகிற ச, ஸ, த, க மாதிரி எழுத்துகள் இருக்கின்றன. அதனால்தான் காது மந்தமானவர்கள் "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னு வெளங்கல" என்பார்கள். அப்பா பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் இதைத்தான். நாங்கள்தான் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தோம்.

டாக்டர் சொன்ன கணக்கு மனசில் ஒட்டிக்கொண்டது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். 88 என்றால் நாலு மணி, 91 என்றால் ரெண்டு மணி, 94 என்றால் ஒரே மணி நேரம். 3 என்பது நமக்குச் சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் டெசிபல் கணக்கில் 3 கூடினால் சத்தத்தின் சக்தி ரெட்டிப்பு. போனில் ஒரு ஆப் போட்டு, ஊரைத் தாண்டின நேர் ரோட்டில் நாலாவது கியரில் 50-ல் போய் அளந்தேன். போனைப் பிடித்துக்கொண்டிருந்தது அப்பா. 93 காட்டியது. போன் ஆப்பை முழுசாக நம்ப முடியாதுதான். ஆனால் அதே போன், அதே ரோடு, அதே வேகம் என்றால் முன்னைக்கு இப்போ எவ்வளவு என்று ஒப்பிடப் போதும். மார்க்கெட்டுக்குப் போய் வருகிற ரெண்டு மணி நேரத்திலேயே அன்றைய கோட்டா முடிந்துவிடுகிறது. அதுக்கு மேல் டிராக்டர் உழவு, தட்டு வெட்டுகிற மெஷின்.

இந்த மாதிரிப் பழைய ஜீப் ஏன் இப்படிக் கத்துகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். மகிந்திரா 1947-ல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இங்கே கோத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அது பட்டாளத்துக்காகச் செய்த வண்டி. மடிப்பே இல்லாத தட்டைத் தகடு, ஏணி மாதிரி சேசிஸ், நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். அதன் வாரிசுக்குள் டீசல் என்ஜினை வைத்தார்கள். எங்கள் வண்டியில் இருப்பது நேரடியாகச் சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிற வகை, டிராக்டர் வம்சம். டீசல் உள்ளே விழுந்த உடனே எரியாது. ஒரு கண நேரம் தாமதமாகும். அந்தக் கணத்தில் சேர்ந்த டீசல் எல்லாம் ஒரேயடியாகப் பற்றும்போது வருகிற அடிதான் அந்த "டக டக டக". இப்போது வருகிற காமன் ரெயில் கார்களில் முதலில் ஒரு துளி தெளித்துப் பற்றவைத்துவிட்டு அப்புறம் மீதியை விடுகிறார்கள், அதனால் அடி மெத்தென்று இருக்கிறது. நம்ம வண்டிக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது.

முதலில் நான் செய்தது முட்டாள்தனம். யூடியூப் பார்த்து மெத்தைக்குப் போடுகிற ஸ்பாஞ்சை வாங்கி, கால் வைக்கிற இடத்திலும் கதவிலும் ஃபெவிகால் போட்டு ஒட்டினேன். மூவாயிரம் செலவு. போய் அளந்தால் 93. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. பத்து நாளில் ஆயில் குடித்து, சேற்றுத் தண்ணி குடித்து நாற ஆரம்பித்தது. வீட்டுக்காரி ஏறும்போதே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். எல்லாவற்றையும் பிய்த்து எறிந்தேன்.

அப்புறம்தான் கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வேலை செய்கிற ஒரு அண்ணனிடம் போனேன். எங்க பெரியம்மா பக்கத்துச் சொந்தம். தமிழ்நாட்டில் ஓடுகிற பஸ்ஸில் முக்கால்வாசி கரூரில் கட்டினதாகத்தான் இருக்கும் என்பது அவர் பேச்சு. கொஞ்சம் கூடச் சொல்வார், ஆனாலும் அந்த ஊருக்கு அந்தப் பெயர் உண்டு. முன்னால் என்ஜின் இருக்கிற பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் பெட்டி மாதிரி ஒரு பானெட் இருக்குமே, கூட்டமான நாளில் நாம் உட்கார்ந்து தொடை வெந்து போகுமே, அதை மூடி மெத்தை தைப்பதில் அவர் கெட்டி. அவர் என் ஸ்பாஞ்சுக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "ஸ்பாஞ்சு காத்து மாதிரி தம்பி. காத்து காத்தைத் தடுக்குமா? சத்தத்தைத் தடுக்கக் கனம் வேணும். அதுக்கு முன்னாடி ஓட்டையை அடைக்கணும். அதுக்கும் முன்னாடி வண்டியை ரிப்பேர் பண்ணணும்" என்றார். நான் தலைகீழாகத் தொடங்கியிருக்கிறேன்.

அவர் சொன்ன ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. ராத்திரி ஷெட்டில் விளக்கை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து என்ஜின் பக்கம் பெரிய டார்ச் லைட்டை வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சீட்டில் உட்கார்ந்து பார். எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் சத்தம் வரும். அப்படியே செய்தேன். பாப்பாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கால் பெடல் வருகிற இடம், ஸ்டீயரிங் ராடு இறங்குகிற இடம், ஒயர் போகிற ஓட்டை, எந்தக் காலத்திலோ கழற்றிவிட்ட ஹீட்டரோ என்னவோ, அதன் ரெண்டு பெரிய ஓட்டை. பாப்பா "அப்பா, நட்சத்திரமாட்ட இருக்குது" என்றாள். எண்ணிப் பார்த்தோம், பதினேழு. டார்ச்சை வண்டிக்கு அடியில் வைத்தபோது ரெண்டு கியர் ராடுகளைச் சுற்றியும் வெளிச்சம். ரப்பர் உறை கிழிந்து, கியர்பாக்ஸ் நேராக நம் முழங்காலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

ரிப்பேர்தான் முதலில். இங்கே எங்க மெக்கானிக் அண்ணன் கையில் விட்டேன். என்ஜின் மவுண்டிங் ரப்பரைக் கழற்றிக் கையில் கொடுத்தார், கல் மாதிரி இருந்தது. ரப்பர் கல்லாகிவிட்டால் என்ஜின் ஆட்டம் அப்படியே சேசிஸுக்குப் போய், பாடித் தகடு முழுக்க ஸ்பீக்கர் ஆகிவிடும். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் பாதி இடத்தில் இல்லவே இல்லை. சைலன்சர் பைப் சேருகிற இடத்தில் பேக்கிங் போய்ப் புகை சீறியது. சைலன்சரைத் தொங்கவிடுகிற ரப்பருக்குப் பதிலாக யாரோ கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருந்தார்கள் (யாரோ என்ன, நான்தான்). டேப்பெட் சரிபண்ணி, நாசில் கழற்றி டெஸ்டுக்குக் கொடுத்து, பம்ப் டைமிங் பார்த்தார். எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துச் சொச்சம். போய் அளந்தால் 89. ஒரு அட்டைகூட ஒட்டாமலே 4 குறைந்தது. வண்டியை ஒழுங்காக வைத்திருந்தாலே பாதிச் சத்தம் வந்திருக்காது என்பதுதான் இதில் எனக்கு விழுந்த அடி.

அடுத்தது ஓட்டை. ஒயர் ஓட்டைக்கு ரப்பர் புஷ், பெரிய ஓட்டைக்குத் தகடு வெட்டி ரிவெட். கியர் ராடுக்குப் புது உறை, அதற்கு அடியில் தடித்த ரப்பரில் இன்னொரு வளையம். கதவுக்குப் பீடிங். கதவு சரியாகச் சாத்தவே அரை நாள் தட்டி நிமிர்த்த வேண்டியிருந்தது. இது ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்த வேலை.

அப்புறம் தகடு. விரல் கணுவால் ஜீப் தகட்டைத் தட்டிப் பாருங்கள், "டங்"னு அண்டா மாதிரி சொல்லும். அதில் ரெண்டு மில்லிமீட்டர் ப்யூட்டைல் ஷீட்டை, ஒரு பக்கம் பசையும் மறு பக்கம் அலுமினியமும் இருக்கும், தகட்டின் நடுவில் ஒட்டி ரோலரால் அழுத்தித் தேய்த்துவிட்டுத் தட்டினால் "டொப்". முழுசாக ஒட்ட வேண்டியதில்லை. நடுவில் கால்வாசி, மூணில் ஒரு பங்கு ஒட்டினாலே தகட்டின் அதிர்வு அடங்கிவிடுகிறது. கடைக்காரர் முழு வண்டிக்கும் விற்கப் பார்த்தார். அந்தத் துருவைச் சுரண்டி பிரைமர் அடிக்காமல் மேலே ஒட்டினால் ரெண்டு வருஷத்தில் ஷீட் மட்டும்தான் மிஞ்சும், தகடு இருக்காது.

தரைக்குக் கனம் வேண்டும். அப்பா சாக்கை மடித்துப் போடச் சொன்னார். எங்கள் பக்கம் தேங்காய் நாருக்குப் பஞ்சமில்லை, நாரில் செய்த மெத்தை போடலாமா என்று நானும் யோசித்தேன். ஆனால் சாக்கும் நாரும் தண்ணியைப் பிடித்துவைக்கும். ஐப்பசி மழையில் சேற்றுக்காலோடு ஏறுகிற வண்டி இது. நீர் குடிக்காத, மூடின கண் உள்ள ஃபோம் ஒரு அடுக்கு போட்டு, அதற்கு மேல் ரப்பர் ஷீட் என்று முடிவு செய்தேன். ரப்பர் விலை கேட்டால் மயக்கம் வந்தது. கொட்டகையில் பழைய மாட்டு மேட் ஒன்று ஓரம் கிழிந்து கிடந்தது. கனம் என்றால் கனம், ரெண்டு பேர் தூக்க வேண்டும். டீசல் போட்டுத் தேய்த்தால் ரப்பர் கெட்டுவிடும் என்பதால் சோப்புத் தண்ணியில் நாலு தரம் கழுவி, அட்டையில் அளவெடுத்து, கறுக்கருவாளும் ஆக்சா பிளேடும் வைத்து அறுத்தேன். ஃபோம் மெத்தென்று கீழே, கனமான ரப்பர் மேலே, இந்த ஜோடிதான் வேலை செய்தது. தரையில் தண்ணி போகிற ஓட்டைகளை மட்டும் மூடவில்லை. சைலன்சர் பைப் ஓடுகிற இடத்துக்கு மேலே ஃபோம் போடாமல் விட்டுவிட்டேன். சத்தம் குறையப் போய் வண்டி எரிந்துவிடக் கூடாதல்லவா. பானெட்டுக்கு அடியிலும் தீப்பிடிக்காத வகைதான் வாங்கணும், அதில் காசு பார்க்காதீங்க.

டயரை மாற்றவில்லை. பட்டன் பெரிசாக இருக்கிற டயர் தார்ரோட்டில் "ஊ"ன்னு ஊளையிடும். ரோட்டு டயர் போட்டால் இன்னும் 2 குறையும் என்றார்கள். ஆனால் மழைக்காலத்தில் ஆத்தோரக் காட்டிலிருந்து வெங்காய மூட்டையோடு ஏறி வர அந்தப் பட்டன்தான் வேண்டும்.

கடைசியில் 84. ஸ்பாஞ்சு தண்டத்தைச் சேர்க்காமல் பதினோராயிரத்துச் சொச்சம், நாலு ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது டெசிபல் குறைந்தது என்றால் சத்தத்தின் சக்தியில் எட்டில் ஒரு பங்குதான் உள்ளே வருகிறது. காதுக்குப் பாதியானது போலத் தெரியும். கார் மாதிரி ஆகிவிட்டதா என்றால் இல்லை. ஜீப் ஜீப்தான்.

முதல் தடவை மார்க்கெட்டுக்குப் போனபோது அப்பா வழக்கம்போல வெத்தலைப் பெட்டியைத் திறந்து மெஷினைக் கழற்றப் போனார். "இருக்கட்டுங்ப்பா, இன்னிக்கு ஒரு நாளைக்குப் பாருங்க"ன்னேன். முறைத்தார், ஆனால் கழற்றவில்லை. தொப்பம்பட்டி தாண்டும் வரைக்கும் ஒரு பேச்சும் இல்லை. முன்னால் சத்தம் இருந்ததால் பேசாமல் இருந்தது உறுத்தவில்லை. இப்போது பேசாமல் இருப்பது காதில் விழுந்தது.

"வலப்பக்கம் முன்னால பேரிங் போயிருச்சு" என்றார் திடீரென்று.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஓரம் கட்டி ஜாக்கி வைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், "கரகர"ன்னு ஆடுகிறது. எத்தனை மாசமாக இருந்ததோ. இவ்வளவு நாள் எல்லாச் சத்தத்துக்கும் அடியில் அமுங்கிக் கிடந்திருக்கிறது. அடித்தொண்டைச் சத்தம் மாதிரியான ஓசைகள் அப்பா காதுக்கு இன்னும் நன்றாகவே விழும், போனது மேல் சுரங்கள்தான். மெதுவாகப் போய்விடலாம் என்று 30-ல் உருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அந்த வேகத்தில் வண்டி இன்னும் அமைதி. கொஞ்ச தூரம் போனதும், ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஆத்தோரத்து ரெண்டேக்கராவுக்கு அந்தப் புரோக்கர்கிட்ட என்ன சொன்ன?"

எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. ஆறு மாசமாக அந்தப் புரோக்கரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தது இதே ஜீப்பில்தான், ஓரமாக நிறுத்தி என்ஜினை ஓடவிட்டு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதேதான். கேட்காது என்ற தைரியம்.

"உங்களுக்கு எப்படிங்ப்பா தெரியும்?"

"காதுதான் கேக்காது. மூஞ்சி தெரியாதா?"

சொன்னேன். பாப்பா படிப்புச் செலவு, போன வருஷம் தக்காளி கிலோ நாலு ரூபாய்க்குப் போய்க் கூலிக்கே கட்டாமல் காட்டிலேயே மாட்டை விட்டு மேயவிட்டது, சொசைட்டிக் கடன், எல்லாம் சொன்னேன். நடுவில் ரெண்டு தரம் "என்னது?" என்று கேட்டார். திரும்பச் சொன்னேன். கத்தவில்லை.

ரொம்ப நேரம் வெத்தலையை மடித்துக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை. "அது அப்பாரு மோட்டார் போட்ட கிணறு" என்றார். அப்புறம், "விக்கறதுன்னா வித்துக்க. எங்கிட்டச் சொல்லிட்டு வில்லு. வண்டிச் சத்தத்துல ஒளிஞ்சுக்கிட்டுப் பேசாத."

வித்தேனா என்று கேட்காதீங்க. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கு முப்பதில் உருட்டிப் போய்ச் சேர்ந்தபோது மார்க்கெட்டில் நல்ல விலை கொடுக்கிற வியாபாரி லோடு நிறைத்துக் கிளம்பிவிட்டார். மிச்சமிருந்தவரிடம் கிலோவுக்கு மூணு ரூபாய் குறைத்துப் போட்டுவிட்டு, பேரிங் கடையைத் தேடிப் போனோம். ஒரு ஜோடி எண்ணூற்றைம்பது. கடைக்காரர் விலை சொன்னதை அப்பா முதல் தடவையிலேயே கேட்டுவிட்டு, "எழுநூறுக்குப் போடுங்க" என்று பேரத்தை ஆரம்பித்தார்.